யாருக்கு மணி அடிக்க உரிமை?
நம் கைபேசியை நம் சொல்படி வைத்துக்கொள்வோம்



இந்த மாதம் கைபேசி பற்றிப் பேசப் போகிறோம். "போன் பார்க்காதீங்க, கெட்டுப் போவீங்க" என்று புத்தி சொல்வதற்காக இல்லை. அதை வீட்டில் சொல்ல ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். நம் போனில் ஒரு நாளைக்கு எத்தனை முறை மணி அடிக்கிறது, அதில் எத்தனை நமக்கு வேண்டியது, வேண்டாததை நிறுத்துவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. இதை எழுத வைத்தது ஒரு நஷ்டம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

முன்னூறு செய்திக்குள் காணாமல் போன ஒரு செய்தி

ஜவ்வாது மலையில் பல ஊர்களில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து போளூருக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மலை இறங்கி சிக்னல் கிடைத்ததும் பஸ்ஸில் இருக்கிற எல்லோர் போனும் ஒரே நேரத்தில் கத்தும். இரண்டு நாள் செய்தியெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும்.

மலைமேல் ஊர் ஒன்றில் உள்ள குழுவின் ஊக்குநர் அப்படித்தான் ஒரு நாள் போளூர் வந்தார். சாமை அறுவடை முடிந்த நேரம். குழுவாகக் கடன் வாங்கி, ஊரில் உள்ள சாமையை மொத்தமாக வாங்கி, அரைத்து விற்பது என்று அந்தக் குழு தீர்மானம் போட்டிருந்தது. அன்று காலையில்தான் வங்கியிலிருந்து எங்களுக்குத் தகவல் வந்தது. "பத்திரம் ரெடி. ஊக்குநரும் பிரதிநிதிகளும் இன்றைக்கே வந்து கையெழுத்துப் போடட்டும்." உடனே அதை வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டோம். ஊக்குநரும் இரண்டு பிரதிநிதிகளும் அன்று போளூரில்தான் இருந்தார்கள். வங்கிக்கு நடந்து போகிற தூரம்.

ஆனால் அந்தச் செய்தியை அவர்கள் பார்க்கவில்லை. மாலை பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் நாங்கள் கேட்டபோது அந்த அக்கா போனை எடுத்து எங்களிடமே நீட்டினார்.

"இன்னா மேடம் செய்யறது? முன்னூறு மெசேஜ் வந்து கெடக்குது. பூ படம், சாமி படம், குட் மார்னிங்கு. அதுல உங்களுது எங்கன்னு நான் தேடுவேன்?"

பார்த்தோம். அவர் சொன்னது உண்மை. அந்தப் பூ படங்களில் சில எங்கள் அலுவலகத்திலிருந்து நாங்களே அனுப்பியவை.

கடன் மூன்று வாரம் தள்ளிப் போனது. அதற்குள் வியாபாரி வந்து சாமையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த லாபம் குழுவுக்கு வர வேண்டியது, வரவில்லை. போன் பழுதாகவில்லை, சிக்னலும் இருந்தது. செய்தியும் போய்ச் சேர்ந்தது. இருந்தும் வேண்டாத மணிகள் வேண்டிய மணியை மூடிவிட்டன.

போன் ஏன் இவ்வளவு கத்துகிறது?

நம் போனில் உள்ள ஒவ்வொரு செயலியும், அதாவது ஆப்பும், நம்மைக் கூப்பிட முடியும். டிங் என்ற ஒலி, அதிர்வு, திரையின் மேல் வந்து விழும் ஒரு வரி, படத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி, இவை எல்லாவற்றுக்கும் பெயர் அறிவிப்பு. நோட்டிபிகேஷன் என்பார்கள்.

அறிவிப்பு என்பது நல்ல வசதிதான். பணம் வரவானால் தெரிகிறது. பிள்ளையின் பள்ளியில் கூட்டம் என்றால் தெரிகிறது. ஆனால் வீடியோ காட்டும் ஆப், பொருள் விற்கும் ஆப், விளையாட்டு ஆப் எல்லாம் எதற்குக் கூப்பிடுகின்றன? நாம் எத்தனை நேரம் உள்ளே இருக்கிறோமோ, எத்தனை விளம்பரம் பார்க்கிறோமோ, அத்தனைக்கு அவர்களுக்கு வருமானம். தெருவில் பாத்திரக்காரர் கூவிக்கொண்டு போகிறார். வேண்டுமென்றால் நாம் வெளியே வருவோம். அவர் அடுப்படி வரைக்கும் வந்து தோளைத் தட்டினால் விடுவோமா? போனில் மட்டும் விட்டுவிடுகிறோம்.

ஒரு மணி அடித்தால் ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். கணக்கு எழுதும்போது மணி அடிக்கிறது, எடுத்துப் பார்க்கிறோம், திரும்பி வருகிறோம். 450ஐ எழுதினோமா, 540ஐ எழுதினோமா? மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டும். பால் பொங்கி ஊற்றுவதும், பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் இந்த ஒரு நிமிடத்தில்தான்.

முதலில் தணிக்கை

வருஷத்துக்கு ஒரு முறை குழுக் கணக்கைத் தணிக்கை செய்கிறோம் அல்லவா? போனையும் ஒரு முறை தணிக்கை செய்து பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் உள்ளே போங்கள். பல்சக்கரம் மாதிரி படம் இருக்கும். அதில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று உண்டு. இப்போது வரும் போன்களில் பெரும்பாலும் இருக்கிறது. இன்று எத்தனை மணி நேரம் போன் பார்த்தோம், எத்தனை முறை பூட்டைத் திறந்தோம், எந்த ஆப் எத்தனை அறிவிப்பு அனுப்பியது என்பதெல்லாம் அங்கே தெரியும். நாம் யாருக்கும் காட்ட வேண்டாம். நாமே பார்த்துக்கொண்டால் போதும்.

பிறகு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'உடனே தெரிய வேண்டியது', மறு பக்கம் 'நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்'. ஒரு குழுக் கூட்டத்தில் இதைச் செய்தோம். உடனே தெரிய வேண்டியது என்று பெண்கள் சொன்னவை இவ்வளவுதான்:

1. வீட்டாரிடமிருந்தும் ஊரிலிருந்தும் வரும் போன் அழைப்பு
2. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி
3. பிள்ளைகளின் பள்ளி, விடுதி, அங்கன்வாடி, செவிலியர் அக்கா
4. குழு, கூட்டமைப்பு வேலை
5. மழை, வெள்ளம், இடி மின்னல் எச்சரிக்கை

மற்றது எல்லாம் மறு பக்கம் போய்விட்டது. "அப்போ மீதியெல்லாம் எதுக்குடி நம்மளக் கூப்புடுது?" என்று ஒரு பாட்டி கேட்டார். கூட்டமே சிரித்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

நிறுத்துவது எப்படி?

போன் கம்பெனிக்குக் கம்பெனி பெயர்கள் கொஞ்சம் மாறும். வழி ஒன்றுதான். பயப்படாதீர்கள். அறிவிப்பை நிறுத்தினால் ஆப் அழியாது, பணம் போகாது. வேண்டுமென்றால் அதே இடத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

*ஒரு ஆப்பின் சத்தத்தை நிறுத்த:* அதனிடமிருந்து அறிவிப்பு வந்ததும் திறக்காமல், விரலை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். சத்தமில்லாமல் வரட்டும், அறிவிப்பே வேண்டாம் என்று தேர்வுகள் வரும். வேண்டியதைத் தொடுங்கள். செட்டிங்ஸில் அறிவிப்புகள் என்ற பகுதிக்குப் போனால் எல்லா ஆப்பும் வரிசையாக இருக்கும். அங்கே ஒவ்வொன்றாக அணைக்கலாம்.

*புது ஆப் கேட்கும் அனுமதி:* 2022ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாகப் போடும் ஆப் "அறிவிப்பு அனுப்பட்டுமா?" என்று நம்மைக் கேட்க வேண்டும். கேட்டதும் அவசரத்தில் 'சரி'யை அழுத்திவிடுகிறோம். நின்று யோசியுங்கள். வேண்டாம் என்றாலும் பெரும்பாலான ஆப் வேலை செய்யும்.

*வாட்ஸ்அப் குழுக்கள்:* குழுவைத் திறந்து மேலே உள்ள பெயரைத் தொட்டால் அறிவிப்பை முடக்கும் வசதி இருக்கும். 8 மணி நேரம், 1 வாரம், எப்போதும் என்று மூன்று உண்டு. 'எப்போதும்' போட்டாலும் நாம் குழுவில்தான் இருப்போம். செய்தியும் வரும், சத்தம் மட்டும் வராது. முடக்கியது மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் நாத்தனார் கோபித்துக்கொள்வாரோ என்ற கவலை வேண்டாம்.

*கேட்காமல் குழுவில் சேர்ப்பதைத் தடுக்க:* வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ். 'என் தொடர்புகள்' என்று மாற்றினால், நம் போனில் எண் பதியாத யாரும் நம்மை நேரடியாகக் குழுவில் சேர்க்க முடியாது.

*இரவிலும் வேலை நேரத்திலும்:* 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று ஒரு வசதி உண்டு. திரையை மேலிருந்து கீழே இழுத்தால் தெரியும். இதைப் போட்டால் அழைப்பு, அறிவிப்புச் சத்தம் நிற்கும். "அப்போ ராத்திரி அவசரம்னா?" என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. கணவர், பிள்ளை, அம்மா வீடு, செவிலியர் என்று முக்கியமானவர்களின் எண்ணுக்கு நட்சத்திரக் குறி போட்டு, 'நட்சத்திரத் தொடர்புகள் மட்டும் அழைக்கலாம்' என்று வைத்துவிடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் மணி அடிக்கும். 15 நிமிடத்துக்குள் ஒரே ஆள் இரண்டாம் முறை கூப்பிட்டால் அடிக்கும்படியும் வைக்கலாம். இரண்டு முறை கூப்பிட்டால் அவசரம் என்று பொருள்.

*பட்டன் போன் வைத்திருப்பவர்கள்:* உங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பல பட்டன் போன்களில் வலது கீழ்மூலையில் உள்ள கட்டக்குறி பட்டனை அழுத்திப் பிடித்தால் சைலன்ட் ஆகும், மறுபடி பிடித்தால் திரும்ப வரும். கூட்டம் முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

விளம்பரச் செய்திக்கு 1909

கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் குறுஞ்செய்தியையும் அழைப்பையும் நிறுத்த 1909 என்ற எண் இருக்கிறது. உங்கள் எண்ணிலிருந்தே கூப்பிடலாம். அல்லது 'ஸ்டார்ட்' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஒரு இடம் விட்டு, சைபர் போட்டு 1909க்கு குறுஞ்செய்தி அனுப்பலாம். சில நாளில் பதிவாகும். வங்கி வரவு செலவுச் செய்தியும் ஓடிபியும் இதனால் நிற்காது.

இன்னொரு அடையாளமும் தெரிந்துகொள்ளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025ல் கொண்டுவந்த விதிப்படி, கம்பெனிகளும் அரசும் அனுப்பும் குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து வரும். 'பி' என்றால் விளம்பரம். 'எஸ்' என்றால் சேவை. 'டி' என்றால் பரிமாற்றம். 'ஜி' என்றால் அரசு. படிக்கும் முன்பே கடைசி எழுத்தைப் பாருங்கள். 'பி' என்று இருந்தால் அவசரமே இல்லை. சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த லிங்கைத் தொடுங்கள்" என்று வந்தால் தொடாதீர்கள்.

கடன் ஆப்பின் மணி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கடன் கொடுத்து வாங்குகிறவர்கள். குழுவில் உள்கடன் வாங்க கூட்டம் வரை காத்திருக்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும், பத்துப் பேர் சம்மதிக்க வேண்டும். கடன் ஆப்பில் அப்படி எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில், இரவு பத்து மணிக்கு, "உங்களுக்கு 10,000 ரூபாய் தயார், ஒரு தொடுதல் போதும்" என்று மணி அடிக்கிறது. பணமுடையில் தூக்கம் வராமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு அது கடவுள் குரல் மாதிரி கேட்கும்.

2020, 2021ல் கொரோனா காலத்தில் இப்படிப்பட்ட ஆப்களில் வாங்கிக் கட்ட முடியாமல் பலர் சிக்கினார்கள். போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்து, உறவினர்களுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தினார்கள். உயிரை விட்டவர்களும் உண்டு. சென்னையிலும் ஐதராபாத்திலும் போலீஸ் கைது நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிமுறை போட்டது. கடன் தரும் ஆப் நம் தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், கோப்புகளை எடுக்கக் கூடாது. கடன் பணம் நேராக நம் வங்கிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். முறையான நிறுவனங்களின் கடன் ஆப்களின் பட்டியலை 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது.

எங்கள் யோசனை எளிமையானது. கடன் ஆப்பின் அறிவிப்பை இன்றே அணையுங்கள். கடன் தேவையை முதலில் குழுவில் சொல்லுங்கள். ஏற்கெனவே சிக்கியிருந்தால் வெட்கப்படாமல் ஊக்குநரிடமோ எங்களிடமோ வாருங்கள். ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

அணைக்கவே கூடாத மணி

2024 டிசம்பர் 1ஆம் தேதியை நம் மாவட்டம் மறக்காது. ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாள் அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் வெளியேறியது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் தண்ணீரில் நின்றன.

அப்படிப்பட்ட இரவில் ஒரு எச்சரிக்கைச் செய்தி பூ படங்களுக்கு அடியில் கிடக்கக் கூடாது. அரசின் அவசர எச்சரிக்கை போனில் பெரிய சத்தத்தோடு வரும். 2023ல் இதைச் சோதனை செய்தபோது பலர் பயந்துவிட்டார்கள். சில பேர் எரிச்சலில் அணைத்தும் விட்டார்கள். செட்டிங்ஸில் 'பாதுகாப்பும் அவசரமும்' என்ற பகுதியில் அவசர எச்சரிக்கை போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். ஆடு மாடு மேய்க்கப் போகிறவர்கள் 'தாமினி' ஆப்பை வைத்துக்கொள்ளலாம். அருகில் மின்னல் விழும் அபாயம் இருந்தால் அது சொல்லும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இதன் அறிவிப்பை அணைக்காதீர்கள்.

வேண்டாத மணியை அணைப்பதே இந்த மணி காதில் விழுவதற்காகத்தான்.

தனியாக முடியாதது, ஊராகச் சேர்ந்தால் முடிந்தது

"நான் ஒருத்தி அணைச்சா போதுமா? வீட்ல எல்லாரும் போனைப் பாத்துக்கினே இருக்காங்க" என்று பலர் சொல்கிறீர்கள். மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. கொரோனாவில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது பிள்ளைகள் கைக்கு போன் வந்தது. பள்ளி திறந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை. ஊர்த் தலைவர் ஒரு யோசனை சொன்னார். ஆண்கள் சிரித்தார்கள். பிறகு பெண்களைக் கூட்டிப் பேசினார்கள். நாங்களும் சீரியலில் உட்கார்ந்துவிடுகிறோம், செய்து பார்க்கலாம் என்று பெண்கள் சம்மதித்தார்கள். 2022 ஆகஸ்ட் 15 முதல் கோயிலில் தினமும் மாலை 7 மணிக்கு சங்கு ஊதியது. 8.30 வரை டிவியும் இல்லை, போனும் இல்லை. பிள்ளைகள் படிப்பு, பெரியவர்கள் பேச்சு. ஆரம்பத்தில் அங்கன்வாடிப் பணியாளர்களும் பஞ்சாயத்து ஆட்களும் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள்.

யாரும் போனை உடைக்கவில்லை, பிடுங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் மட்டும் எல்லோரும் சேர்ந்து விட்டார்கள். அடுத்த வீட்டிலும் இல்லை என்றால் பிள்ளைக்கு ஏக்கம் இல்லை. இங்கே ஊர் முழுக்கச் செய்ய முடியாவிட்டாலும், ஒரு குழுவின் பன்னிரண்டு வீடுகளில் செய்யலாம். பன்னிரண்டு வீடு என்றால் ஒரு தெரு.

நாங்கள் மாற்றிக்கொண்டது

அந்தச் சாமை நஷ்டத்துக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் மூன்று மாற்றம் செய்தோம். ஒன்று, வேலைச் செய்திக்குத் தனி வாட்ஸ்அப் குழு. அதில் அட்மின் மட்டுமே செய்தி போட முடியும்படி வைத்துவிட்டோம். பூ படம், வாழ்த்து எல்லாம் பழைய குழுவில். இரண்டு, வங்கி, கையெழுத்து, கடைசி நாள் என்றால் செய்தி போட்டதோடு விடாமல் போன் செய்து பேசுகிறோம். மூன்று, இரவு எட்டு மணிக்கு மேல் அவசரம் தவிர எதுவும் அனுப்புவதில்லை. முதல் மாதம் எங்களுக்கே கை பரபரத்தது. இப்போது பழகிவிட்டது. உங்களைக் கேட்காமல் உங்கள் வீட்டில் மணி அடித்த தவறு எங்களுடையது. அதைத் திருத்திக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நேற்று என் போனில் எத்தனை அறிவிப்பு வந்தது? அதில் எத்தனை எனக்கு உதவியது?
2. போன் பார்த்ததால் தவறிப் போன வேலை எது? பார்க்காததால் தவறிப் போன செய்தி எது?
3. நட்சத்திரக் குறி போட வேண்டிய ஐந்து எண்கள் எவை?
4. கூட்டம் நடக்கும் ஒரு மணி நேரம் போன்களை எங்கே வைப்பது? அவசரத்துக்கு யார் போனை மட்டும் திறந்து வைப்பது?
5. போன் தெரிந்த மகள், மருமகள் யார் யார்? செட்டிங்ஸ் தெரியாத உறுப்பினருக்கு யார் சொல்லித் தருவது?

பேசி முடித்ததும் தீர்மானப் பதிவேட்டில் இப்படி எழுதிக்கொள்ளலாம்: "குழுக் கூட்ட நேரத்தில் உறுப்பினர்கள் போனைச் சத்தமில்லாமல் வைப்பது என்றும், வேலைச் செய்தியைத் தனிக் குழுவில் மட்டும் அனுப்புவது என்றும், கடன் ஆப்களின் அறிவிப்பை அனைவரும் அணைப்பது என்றும், அவசர எச்சரிக்கையை யாரும் அணைப்பதில்லை என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

உறுப்பினர்களே, நம் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். குழுவில் யாருக்குக் கடன் என்று நாம் முடிவு செய்கிறோம். நம் காசில் வாங்கி, நம் காசில் ரீசார்ஜ் செய்யும் போனில் யார் மணி அடிக்கலாம் என்பதையும் நாமே முடிவு செய்வோம். உங்கள் குழுவில் செய்து பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள், அல்லது கூட்டமைப்புக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். மலைமேல் அக்கா சொன்னதைப் போல முகத்துக்கு நேராகச் சொன்னாலும் சரிதான். எங்களுக்கும் அதில்தான் புத்தி வந்தது.